நான் பொய் என்று சொன்ன முகம்

சென்ற ஆண்டு ஆடி மாதம், காஞ்சிபுரத்தில் நான் கணக்கு டீச்சராக வேலை பார்க்கும் பெண்கள் பள்ளியில் நடந்தது இது. எழுதலாமா வேண்டாமா என்று பல மாதம் யோசித்தேன். எழுதினால் என் வண்டவாளம்தான் வெளியே வரும். வந்தால் வரட்டும் என்றுதான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இருபது வருடத்துக்கு மேல் கணக்கு நடத்திவிட்டேன். எனக்கு எதுவாக இருந்தாலும் சரி, தப்பு என்று இரண்டே பெட்டிதான். கையில் எப்போதும் ஒரு சிவப்புப் பேனா இருக்கும். பால்காரர் கணக்குச் சொன்னால்கூட நான் மனசுக்குள் ‘ஸ்டெப் மார்க்’ போடுகிறேன் என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். கிண்டல்தான், ஆனால் முழுப் பொய்யும் இல்லை.

அந்த வருடம் டீப்ஃபேக் வீடியோக்கள் பற்றி ஆசிரியர்களுக்கு ஒரு நாள் பயிற்சி வைத்தார்கள். ஒருவர் முகத்தையும் குரலையும் கம்ப்யூட்டரில் எடுத்து, அவர் சொல்லாததைச் சொன்ன மாதிரியும் செய்யாததைச் செய்த மாதிரியும் காட்டுகிறார்களே, அந்த வீடியோக்கள். எங்கள் கம்ப்யூட்டர் டீச்சர் பிரசவ விடுப்பில் இருந்ததால் தலைமையாசிரியை என்னைப் பிடித்து அனுப்பிவிட்டார். வேண்டாவெறுப்பாகத்தான் போனேன். அங்கே திரையில் ஒரு பட்டியல் போட்டார்கள். கண் சிமிட்டுகிறதா, உதடும் பேச்சும் ஒத்துப்போகிறதா, முகத்தின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி அசைகிறதா, கண்ணில் இயற்கையில்லாத பளபளப்பு இருக்கிறதா என்று பத்து விஷயங்கள். எனக்கு ஒரே உற்சாகம். அட, இது கணக்கு மாதிரி இருக்கிறதே, பத்து ஸ்டெப் போட்டால் விடை வந்துவிடும் என்று விழுந்து விழுந்து எழுதிக்கொண்டேன்.

பயிற்சி கொடுத்தவர் கடைசியில் வேறு ஏதோ சொன்னார். இந்தப் பட்டியல் சீக்கிரமே பழசாகிவிடும், இதை மட்டும் நம்பாதீர்கள், இதைவிட முக்கியம் என்று ஆரம்பித்தார். அந்த நேரம் பார்த்து வடையும் டீயும் வந்தது. எனக்கு பஸ்ஸுக்கும் நேரமாகிவிட்டது. அந்த முக்கியமான விஷயத்தை நான் எழுதிக்கொள்ளவில்லை.

திரும்பி வந்தபோது எனக்குக் கொம்பு முளைத்துவிட்டது. உறவுக்காரர் அனுப்பிய கல்யாண வீடியோவில் மாப்பிள்ளை ஒழுங்காகக் கண் சிமிட்டுகிறாரா என்று பார்த்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். தலைமையாசிரியை ஒன்பதாம் வகுப்புக்கு வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு பீரியட் ஒதுக்கிக் கொடுத்தார். அது தேவையான வகுப்புதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பெண் பிள்ளைகள் படிக்கிற இடம். யார் முகத்தை யார் எடுத்து எதில் ஒட்டுவார்களோ என்ற பயம் எல்லா அம்மாக்களுக்கும் இருந்தது.

மூன்றாவது வாரம் ஒரு போட்டி வைத்தேன். நான்கு பேருக்கு ஒரு குழு. ஒவ்வொரு குழுவும் வீட்டில் இருக்கும் போனிலிருந்து ஒரு வீடியோவை என் நம்பருக்கு அனுப்ப வேண்டும். அது நிஜமா பொய்யா என்று சொல்லக் கூடாது. லேபில் பெரிய திரையில் போட்டு, மற்றவர்கள் பத்து பாயிண்ட்டையும் சரிபார்த்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டும். தீர்ப்பு வரும்வரை வீடியோவைக் கொண்டுவந்தவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. இந்தக் கடைசி விதி என் சொந்தச் சரக்கு. அவர்கள் வாயைத் திறந்தால் அப்புறம் சோதனை எப்படிச் சோதனையாக இருக்கும் என்று பெருமையாக விளக்கம் வேறு கொடுத்தேன்.

வகுப்பு கலகலப்பாகப் போனது. ஒரு வீடியோவில் வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு டாக்டர், ஏதோ ஒரு இலைச் சாற்றை வெறும் வயிற்றில் குடித்தால் சர்க்கரை நோய் ஓடிவிடும், மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று தேன் ஒழுகப் பேசினார். கண் சிமிட்டினார், புருவம் தூக்கினார், உதடு சொல்லுக்குச் சொல் பொருந்தியது. பிள்ளைகள் பத்துக்குப் பத்து கொடுத்தார்கள். கொண்டுவந்த குழுவுக்கே விடை தெரியவில்லை, பக்கத்து வீட்டு அக்கா அனுப்பியது என்றார்கள். பத்துக்குப் பத்து வாங்கியவரை என்ன செய்வது, பலகையில் ‘நிஜம்’ என்று எழுதி டிக் போட்டேன்.

ஏழாவதாக வந்தது ஒரு புடவை வீடியோ. நீலச் சுவருக்கு முன்னால் ஒரு பெண்மணி உட்கார்ந்திருந்தார். நாற்பது வயது இருக்கும். எண்ணெய் வைத்து வாரிய தலை, கொஞ்சம் மல்லிகை. தோளில் அரக்கு நிறப் பட்டுப் புடவையைப் போட்டுக்கொண்டு, பச்சை பார்டரை விரலால் தடவிக் காட்டிப் பேசினார். ஒரு நிமிட வீடியோதான். ஆனால் இடது கண் சிமிட்டவே இல்லை. திறந்தபடி நின்றது. பேசும்போது உதடு வலது பக்கம் மட்டும் அசைந்தது. சிரித்தபோது சிரிப்பும் அந்தப் பக்கமே இழுத்துக்கொண்டு போனது.

பிள்ளைகள் கொல்லென்று சிரித்துவிட்டார்கள். பொம்மை மாதிரி இருக்குது மிஸ் என்று முன் பெஞ்சிலிருந்து ஒருத்தி சொன்னாள். நானும் சிரித்தேன். அதோடு விட்டேனா? வீடியோவை நிறுத்தி, திரைக்குப் பக்கத்தில் போய், குச்சியால் அந்தக் கண்ணைத் தொட்டுக் காட்டினேன், கன்னத்தைத் தொட்டுக் காட்டினேன். கண்ணில் இருந்த பளபளப்பைக் காட்டி, இதோ ஆறாவது பாயிண்ட் என்றேன். யாரோ வேலை தெரியாதவன் மலிவான ஆப்பில் செய்த முகம் இது என்றேன். பலகையில் ‘பொய்’ என்று எழுதி அடியில் இரண்டு கோடும் போட்டேன்.

கொண்டுவந்தவர் எழுந்து விடையைச் சொல்ல வேண்டும். மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். அந்த ஜூன் மாதம்தான் ஐயம்பேட்டைப் பக்கப் பள்ளியிலிருந்து எங்கள் பள்ளிக்கு வந்து சேர்ந்தவள். குடும்பம் அதற்குச் சில மாதம் முன்பே பிள்ளையார்பாளையத்துக்குக் குடிவந்திருந்தது. சேர்க்கைக்கு அப்பாதான் வந்திருந்தார். அதிகம் பேசாத பெண், கையெழுத்து மட்டும் அச்சு மாதிரி இருக்கும். நாங்கள் சொன்னது சரிதானா என்று கேட்டேன். அவள் திரையைப் பார்த்தாள். அந்த முகம் பாதிச் சிரிப்போடு அங்கே அப்படியே நின்றுகொண்டிருந்தது. கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“ஆமா மிஸ், பொய்தான்.”

சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டாள். நான் எல்லாக் குழுவுக்கும் முழு மதிப்பெண் போட்டேன். மணி அடித்தது.

அன்று சாயந்திரம் ஓரிக்கையில் என் வீட்டில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். போனில் ஒரு குரல் செய்தி வந்தது. காலையில் வீடியோ வந்த பத்து நம்பர்களில் ஒன்று. கை ஈரத்தோடு அழுத்தினேன்.

“வணக்கம் டீச்சர். ஒன்பதாம் கிளாஸ் பொண்ணோட அம்மா பேசறேன், புதுசா சேர்ந்துச்சே, அந்தப் பொண்ணு. என் வீடியோவ பார்த்துட்டு நிஜந்தான்னு சொன்னீங்களாமே, புள்ளைங்க எல்லாம் கைதட்டினாங்களாமே. பாப்பா வந்து சொல்லிச்சு. ரொம்ப சந்தோஷம் டீச்சர். நாளைக்கு பதினோரு மணிக்கு லைவ் இருக்குது. மூஞ்சி காட்டியே பேசலாம்னு இருக்கறேன்.”

அந்தக் குரல் எனக்குத் தெரிந்த குரல். மதியம் லேபில் பெரிய ஸ்பீக்கரில் இரண்டு முறை கேட்ட குரல். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வீடியோவைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். இடது கண், இடது கன்னம், ஒரு பக்கமாக இழுக்கும் சிரிப்பு. எங்கள் பள்ளியிலேயே முன்பு ஒரு டீச்சருக்கு முகவாதம் வந்து இதே மாதிரி இருந்தது. மூன்று மாதம் ஸ்டாஃப் ரூமில் என் எதிரே உட்கார்ந்து அவர் சாப்பிட்டதைப் பார்த்திருக்கிறேன். அப்படியிருந்தும் இந்த முகத்தைப் பார்த்தபோது எனக்கு அது தோன்றவே இல்லை. பட்டியல் கையில் இருந்ததால் கண் வேலை செய்யவில்லை.

அந்தப் பெண் தன் குழுவில்கூட யாரிடமும் சொல்லாமல், வகுப்பில் எழுந்து நின்று, தன் அம்மாவைப் பொய் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். வீட்டுக்குப் போய் அம்மாவிடம், எல்லோரும் கைதட்டினார்கள் என்று சொல்லியிருக்கிறாள். இரண்டையும் பதினான்கு வயதில் ஒரே நாளில் தனியாகச் சுமந்திருக்கிறாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. என்ன ஆச்சு என்று வீட்டுக்காரர் கேட்டார். சொன்னேன். எதற்கும் ஒரு கிண்டல் வைத்திருப்பவர் அன்று கீரைத் தட்டை என் மடியிலிருந்து எடுத்துக்கொண்டு போய் அவரே ஆய ஆரம்பித்தார்.

உண்மையைச் சொன்னால் அந்த அம்மா நாளைக்கு முகத்தைக் காட்டாமல் போகலாம். தன் பெண் பொய் சொன்னாள் என்பதும் தெரிந்துவிடும். சொல்லாமல் விட்டால், நான் கொடுக்காத ஒரு சான்றிதழை நம்பி அவர் ஊர் முன்னால் போய் உட்காருவார். யாராவது ஏதாவது எழுதினால் உடைந்துபோவார். இந்தக் கணக்குக்குப் புத்தகத்தின் பின்பக்கத்தில் விடை இல்லை. காலையில் வீட்டுக்கு வரலாமா என்று மட்டும் எழுதி அனுப்பினேன். வாங்க டீச்சர் என்று உடனே பதில் வந்தது.

சனிக்கிழமை காலை எட்டரை மணிக்கு ஷேர் ஆட்டோ பிடித்துப் போய் இறங்கினேன். முன் அறையில் தறி. அந்தப் பெண்ணின் அப்பா நெய்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நிறுத்திவிட்டு, வாங்க டீச்சர் என்று எழுந்தார். உள் அறையில் அதே நீலச் சுவர். போனை நிறுத்தி வைக்க ஒரு ஸ்டாண்டு, பக்கத்தில் மடித்து அடுக்கிய புடவைகள். அந்த அம்மா கீழே உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் மண்டியிட்டு, மகள் அவர் தலையில் பூ வைத்துக்கொண்டிருந்தாள்.

என்னைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்துவிட்டது. அம்மாவின் தலைக்கு மேல், அம்மா பார்க்க முடியாத இடத்திலிருந்து, என்னைப் பார்த்து மெல்லத் தலையை ஆட்டினாள். சொல்லாதீர்கள் என்று அர்த்தம். அந்தப் பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

காபி வந்தது. அந்த அம்மா பேசும்போது நடுநடுவே முந்தானையால் இடது கண்ணை ஒற்றிக்கொண்டார். இமை முழுசாக மூடாததால் அந்தக் கண்ணில் நீர் கட்டிக்கொண்டே இருந்தது. நான் ஆறாவது பாயிண்ட்டில் பிடித்த பளபளப்பு அதுதான்.

அவர் தன் கதையைச் சொன்னார். ஒரு பட்டுக் கடையில் பல வருடம் புடவை பார்க்கும் வேலை. நெசவாளர்கள் தறியிலிருந்து அறுத்துக் கொண்டுவரும் புடவைகளை விரித்து, குறை இருக்கிறதா என்று பார்த்து எடுக்க வேண்டும். அப்புறம் கடைக்காரர்கள் போனில் புடவை காட்ட ஆரம்பித்தபோது, நன்றாகப் பேசுவார் என்று இவரை முன்னால் உட்கார வைத்தார்கள். ஜனங்களுக்குப் பிடித்துப்போனது. தை மாதம் முகவாதம் வந்தது. இரண்டு மாதம் வெளியே தலை காட்டவில்லை. திரும்ப வீட்டிலிருந்தே பேச ஆரம்பித்தபோது, இது கம்ப்யூட்டர் பொம்மை, ஆளே பொய் என்றால் பட்டு மட்டும் நிஜமாக இருக்குமா என்று கீழே எழுத ஆரம்பித்தார்கள். கடைக்காரர் நல்ல மனிதர்தான், இருந்தாலும் பயந்துபோய், இனி கையை மட்டும் காட்டிப் பேசுங்கள் என்றார். நான்கு மாதமாகக் கை மட்டும்தான்.

மகளுக்கு அதுதான் பொறுக்கவில்லை. என் வகுப்பைப் பற்றி வீட்டில் வந்து சொல்லியிருக்கிறாள். எங்க மிஸ் பார்த்தால் கரெக்டாகச் சொல்லிவிடுவார்கள், மிஸ் நிஜம் என்று சொல்லிவிட்டால் அப்புறம் நீ யாருக்கும் பயப்பட வேண்டாம் என்று அம்மாவைச் சம்மதிக்க வைத்து, அந்தப் பழைய வீடியோவை எனக்கு அனுப்பியிருக்கிறாள்.

டம்ளரைக் கீழே வைத்தேன்.

“நான் நிஜம்னு சொல்லலைங்க. பொய்னு சொன்னேன். எல்லாருக்கும் முன்னாடி போர்டுல எழுதி, ரெண்டு கோடும் போட்டேன். உங்க பொண்ணு மேல தப்பே இல்ல. தப்பு என்னோடது. என்னை மன்னிச்சிடுங்க.”

முன் அறையில் தறி மறுபடி ஓடத் தொடங்கியிருந்தது, இப்போது சட்டென்று நின்றது. அந்தப் பெண் பூச்சரத்தைக் கையில் பிடித்தபடியே அழ ஆரம்பித்தாள். அவள் அம்மா திரும்பிக்கூடப் பார்க்காமல், கையைப் பின்னால் நீட்டி அவளை இழுத்துத் தன் தோளோடு சாய்த்துக்கொண்டார்.

“தெரியும் டீச்சர். கைதட்டு வாங்கின புள்ள சாப்டாம சுவத்த பார்த்துக்கினு படுத்துக்குமா?”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. தெரிந்துமா எனக்கு நன்றி சொல்லி அனுப்பினீர்கள் என்று கேட்டேன். மகள் பக்கத்திலேயே படுத்திருந்தாளாம், அவள் காதில் விழட்டும் என்றுதான் அப்படிப் பேசி அனுப்பினாராம். அப்படியானால் இன்றைக்கு முகத்தைக் காட்டப்போவது எதற்கு என்றேன்.

“நான் காட்டலன்னா, அவ சொன்னத நான் நம்பலன்னு ஆயிடும் இல்ல? அப்புறம் அவ எப்படிமா என் மூஞ்சிய பார்ப்பா?”

மகளுக்காக அம்மாவும், அம்மாவுக்காக மகளும் மாற்றி மாற்றிப் பொய் சொல்லிக்கொண்டிருந்த வீட்டின் நடுவில், பொய்யைக் கண்டுபிடிக்கச் சொல்லித் தரும் நான் ஒன்றும் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். மூன்று பேருமே கொஞ்ச நேரம் அழுதோம். வெளியே அவள் அப்பா தொண்டையைச் செருமும் சத்தம் மட்டும் கேட்டது.

பிறகு அந்த அம்மா, நீங்கள் எப்படித்தான் பார்ப்பீர்கள் என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. தானும் பார்க்கும் வேலை செய்தவர் என்பதால் தெரிந்துகொள்ளும் ஆசையில் கேட்டார். பையிலிருந்து பட்டியலை எடுத்துக் கொடுத்தேன். ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். பின்பக்கம் திருப்பிப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை. கொண்டுவந்தவரைக் கேட்பது இதில் எங்கேயும் இல்லையே என்றார். கொண்டுவந்தவர் வாயையே திறக்கக் கூடாது என்பதுதான் எங்கள் விதி என்று சொல்லும்போது எனக்கே கூசியது.

அவர் ஒரு புடவையை எடுத்து மடியில் விரித்தார். உடம்புப் பகுதியில் ஒரு இடத்தைக் காட்டினார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்ததும் குறுக்கே முடி மாதிரி மெல்லிய ஒரு கோடு தெரிந்தது.

“தறி ரெண்டு நாள், மூணு நாள் நின்னுச்சுன்னா, மறுபடி நெய்ய ஆரம்பிக்கிற எடத்துல இந்த மாதிரி கோடு விழும். இதுக்கு குறைன்னு செவப்பு நூலு கட்டி ஓரமா வெச்சிடலாம். ஆனா கட்டறதுக்கு முன்னாடி கொண்டாந்தவர ஒரு வார்த்த கேட்டுடுவோம் டீச்சர், இங்க என்னாச்சுன்னு. வீட்ல சாவு விழுந்திருக்கும், காய்ச்சல்ல படுத்திருப்பாரு. கேட்டாத்தான தெரியும்?”

கோட்டைத் தடவிக்கொண்டே, என் மூஞ்சியும் ரெண்டு மாசம் நின்ன தறிதான் என்று சொல்லிச் சிரித்தார். சிரிப்பு வலது பக்கமாகப் போனது. அழுதுகொண்டிருந்த மகளும் சிரித்துவிட்டாள். என்ன அழகான சிரிப்பு அது. நேற்று அதைத்தான் நான் குச்சியால் தொட்டுக் காட்டியிருந்தேன்.

பதினோரு மணிவரை இருந்தேன். மகள் போனைப் பிடித்துச் சரிசெய்தாள். அந்த அம்மா கும்பிட்டுவிட்டு, எனக்கு முகவாதம் வந்தது, ஒரு கண் சரியாக மூடாது, நான் நிஜமான ஆள்தான், சந்தேகம் இருந்தால் என்னையே கேளுங்கள் என்று சொல்லி ஆரம்பித்தார். யாரோ ஒருவர் சிரிப்புப் பொம்மையை அனுப்பினார். இன்னொருவர் இதெல்லாம் கம்ப்யூட்டர் என்று எழுதினார். அப்புறம் ஒரு பெண், என் வீட்டுக்காரருக்கும் இதே மாதிரி வந்தது, கன்னத்தை உப்பி உப்பி ஊதுங்க அக்கா, சரியாகும் என்று எழுதினார். அந்த அம்மா முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டு, சரிம்மா ஊதறேன் என்று பதில் சொல்லிவிட்டு, பச்சை பார்டருக்குப் போனார்.

அடுத்த வெள்ளிக்கிழமை வகுப்பில் உண்மையைச் சொல்ல வேண்டும். அந்தப் பெண்ணிடம் முதலில் அனுமதி கேட்டேன். இரண்டு நாள் யோசித்துவிட்டு, வீடியோவைத் திரும்பப் போடுங்க மிஸ், ஆனா இந்தத் தடவை என்னைக் கேளுங்க என்றாள்.

அத்தனை பிள்ளைகளுக்கும் முன்னால் நின்று, போன வாரம் நான் பொய் என்று எழுதியது தப்பு, அது இவளுடைய அம்மா என்று சொன்னேன். வீடியோவைத் திரும்பப் போட்டேன். இப்போது கொண்டுவந்தவளைக் கேளுங்கள் என்றேன். பொம்மை மாதிரி இருக்குது என்று சொன்ன முன் பெஞ்சுப் பெண்தான் முதலில் எழுந்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது.

“அம்மாவுக்கு வலிக்குமாடி?”

வலிக்காது, கண்தான் எரியும் என்று இவள் சொன்னாள். அதன்பின் ஒவ்வொருத்தியாகக் கேட்க ஆரம்பித்தார்கள். எங்கே எடுத்தது, யார் எடுத்தது, எதற்காக எடுத்தது என்று கேள்விகள் வந்துகொண்டே இருந்தன. இவள் நிமிர்ந்து நின்று பதில் சொன்னாள். அவள் குரலை அவ்வளவு நேரம் நான் கேட்டதே அன்றுதான்.

அப்போது கடைசி பெஞ்சில் இருந்த ஒரு நெசவுக்காரர் வீட்டுப் பெண், மிஸ், இன்னொரு முறை போடுங்க, ஆரம்பத்தில் ஒரு சத்தம் இருக்குது என்றாள். சத்தத்தைக் கூட்டி வைத்துப் போட்டேன். தொடக்கத்தில் தறி ஓடும் சத்தம். அந்த அம்மா பேச வாயெடுத்ததும் அது நின்றுவிடுகிறது. கடைசியில் அவர் வணக்கம் சொல்லி முடித்த மறுநொடி திரும்ப ஆரம்பிக்கிறது. எங்கள் ஊரில் தறிச் சத்தம் யார் காதிலும் தனியாக விழாது. நான்கு முறை பார்த்தும் நான் கேட்கவில்லை. அது ஏன் நிற்கிறது என்று இவளைக் கேட்டேன்.

“அப்பா நிறுத்திடுவாரு. அம்மா பேசி முடிக்கிற வரைக்கும் கையைக் கட்டிக்கினு உட்கார்ந்துக்கினு இருப்பாரு.”

நான் பலகையை அழிக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டேன். சுத்தமான பலகையை ரொம்ப நேரம் அழித்தேன்.

அதே கேள்விகளை அந்த டாக்டர் வீடியோவுக்கும் கேட்டோம். இவர் யார், எந்த ஆஸ்பத்திரி, யார் அனுப்பியது? கொண்டுவந்த குழு அந்த வாரம் முழுக்க விசாரித்தது. பக்கத்து வீட்டு அக்காவுக்கு அவர் தங்கை அனுப்பியது, தங்கைக்கு யாரோ ஒரு தோழி அனுப்பியது, அதற்கு மேல் தடமே இல்லை. பத்துக்குப் பத்து வாங்கிய டாக்டருக்கு ஊரும் இல்லை, பேரும் இல்லை. அந்த அக்கா ஏற்கெனவே இரண்டு நாள் சர்க்கரை மாத்திரையை நிறுத்தியிருந்தார். பிள்ளைகள் போய் விசாரித்ததால்தான் பயந்து திரும்பப் போட ஆரம்பித்தார். நான் டிக் போட்ட வீடியோ அது.

டீப்ஃபேக் வகுப்பு இன்றும் நடக்கிறது. கண், உதடு, கன்னம் எல்லாம் பார்க்கச் சொல்லித்தான் தருகிறேன், ஆனால் அவை பட்டியலின் கடைசிக்குப் போய்விட்டன. அனுப்பியவர் யார், எதற்காக அனுப்பினார், யாரைக் கேட்டால் தெரியும் என்பதுதான் இப்போது முதல் மூன்று. அந்த அம்மாவுக்கு முகம் பாதிக்கு மேல் சரியாகிவிட்டது. அவரிடம் கேட்டு, குறைக்குக் கட்டும் சிவப்பு நூலில் ஒரு முழம் வாங்கி வந்து என் சிவப்புப் பேனாவில் சுற்றி வைத்திருக்கிறேன். கணக்கு நோட்டில் தப்பு போடப் பேனாவை எடுக்கும்போதெல்லாம் அந்த நூல் விரலில் படுகிறது; கோடு போடுவதற்கு முன் நிமிர்ந்து, அதைக் கொண்டுவந்து நிற்கும் பிள்ளையின் முகத்தைப் பார்த்து, இங்கே என்னம்மா ஆச்சு என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுகிறேன்.